தையல் டீச்சர் பதில்கள்: பாப்பாவுக்கு ஒரு குயில்ட்

பிறந்த குழந்தைக்குக் கையால் குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் விரிப்பு) தைப்பதைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் வீட்டில் பாப்பா வரப்போகிறது போலிருக்கிறது! மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழ் முழுக்க அதற்கே.

“மகளுக்கு ஏழாம் மாதம். என்னிடம் பழைய கண்டாங்கிச் சேலைகள் சில இருக்கின்றன. அதில் பேரக் குழந்தைக்குக் குயில்ட் தைக்க ஆசை. ஜாக்கெட், பாவாடை தைப்பேன், இது தைத்ததில்லை. என்ன அளவு, எப்படி வெட்டுவது?”
— பாட்டியாகப் போகிறவர், தேவகோட்டை

ஜாக்கெட் தைக்கிறவருக்கு இது பெரிய வித்தையே இல்லை அம்மா. கைக்குழி கிடையாது, கழுத்து வளைவு கிடையாது, எல்லாம் நேர்க்கோடு. ஆனால் ஜாக்கெட்டில் ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) முன்னே பின்னே போனால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். இதில் சமாளிக்க ஆளில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அளவு 36-க்கு 36 இஞ்ச் போதும். தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்ட, மடியில் போட்டுக்கொள்ள, தடுப்பூசி போடப் போகும்போது கையோடு எடுத்துப்போக இது சரியான அளவு. இன்னும் பெரிதாகத் தைக்கலாமே என்று கை துறுதுறுக்கும். தைக்காதீர்கள். குழந்தைக்கு எது தைத்தாலும், இது வாளியில் அடங்குமா, ஒரு வெயிலில் காயுமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தினம் துவைக்க முடியாத குயில்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் சீக்கிரமே பீரோவுக்குள் போய்விடும்.

கண்டாங்கி கையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அதில் பிடித்தது வேறு: அந்தக் கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு. பிறந்த குழந்தைக்கு ஓர் அடி தூரத்துக்குள் இருப்பதுதான் ஓரளவு தெரியும். அதிலும் அடர் நிறமும் வெளிர் நிறமும் முட்டிக்கொள்கிற இடத்தில்தான் கண் நிற்கும். கடையில் விற்கிற வெளிறிய ரோஸ், வெளிறிய நீலமெல்லாம் நம் கண்ணுக்காகத்தான்.

சேலையை முதலில் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே முழுக்கப் பிடித்துப் பாருங்கள். உட்காருகிற இடமும் காலடி ஓரமும் நைந்து சல்லடையாகத் தெரியும். அதை ஒதுக்கிவிடுங்கள். உள்முந்திப் பக்கம் நிறம் மங்காமல் கெட்டியாக இருக்கும். சந்தேகமான இடத்தில் இரண்டு கட்டை விரலையும் சேர்த்து வைத்துத் துணியை வெளிப்பக்கம் அழுத்தி இழுங்கள். இழை விலகினால் வேண்டாம். எந்தச் சேலையாக இருந்தாலும் ஜரிகை இருந்தால் பார்டரோடு வெட்டி எடுத்துவிடுங்கள், குழந்தைத் தோலைச் சுரண்டும்.

இனி கணக்கு. வரிசைக்கு 6 சதுரம், 6 வரிசை, ஆக 36 சதுரம். தைத்து முடித்தபின் ஒவ்வொன்றும் 6 இஞ்ச் இருக்க வேண்டும். நாலு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச் விடுவதால் ஆறரை இஞ்சாக வெட்ட வேண்டும். கட்டம் போட்ட துணி என்பதால் கோடு பிடித்து வெட்டிவிடலாம் என்று தோன்றும். கைத்தறிக் கட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. அட்டையில் ஆறரை இஞ்ச் சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்துச் சாக்கட்டியால் வரைந்து வெட்டுங்கள்.

கடையில் புதுத் துணி வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 44 இஞ்ச் பன்னாவில் (துணியின் அகலத்தில்) குறுக்கே 6 சதுரம் வரும். ஆறு நிறத்தில் தலா கால் மீட்டர், அடித்துணிக்கு ஒன்றேகால் மீட்டர், ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கும் சுற்றுப் பட்டிக்குக் கால் மீட்டர் போதும். காட்டன் சுருங்கும். அதனால் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரி.

இப்போது அந்த ஒரு நூல் விஷயம். எட்டு நூல் ஓர் இஞ்ச் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு நூல் விட வேண்டிய இடத்தில் மூன்று நூல் விட்டுத் தைத்தால், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் போகும். ஒரு வரிசையில் 5 இணைப்பு, மொத்தம் 10 நூல். அந்த வரிசை மட்டும் ஒன்றேகால் இஞ்ச் குறைந்து நிற்கும். பக்கத்து வரிசையோடு அதை எப்படிச் சேர்ப்பீர்கள்? ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து மிஷின் தகட்டில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். துணியின் ஓரம் அந்த டேப்பை உரசிக்கொண்டே போகட்டும்.

ஒரு வரிசை தைத்ததும் பின்பக்கத் தையல் மடிப்புகளை எல்லாம் வலது பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். அடுத்த வரிசையை இடது பக்கம். இரண்டு வரிசையையும் முகத்தோடு முகம் வைக்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த மடிப்புகள் ஒன்றோடொன்று போய்ப் பொருந்தி நிற்கும். கண்ணால் பார்க்கவே வேண்டாம், விரல் நுனியில் தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி. நாலு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். இந்தப் பொருத்தத்துக்காகவே நான் குயில்ட் தைக்கிறேன் என்றுகூடச் சொல்வேன்.

நடுவில் வைக்கப் பழைய நூல் சேலையோ வேட்டியோ இரண்டு மடிப்பு போதும். பஞ்சு வேண்டாம். அடித்துணி, நடுத்துணி, மேல்துணி மூன்றையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, பெரிய பெரிய தையலாக டாக்கா (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சதுரங்களின் ஓரத்தில் கால் இஞ்ச் தள்ளி ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு ஓட்டும் தையல்), நடுவில் தொடங்கி வெளியே. நூலில் முடிச்சுப் போட்டு மேலிருந்து குத்தி, முடிச்சு ‘டப்’ என்று துணிக்குள் போகும்வரை லேசாக இழுங்கள். முடிச்சு வெளியே தெரியவும் கூடாது, உறுத்தவும் கூடாது.

“எங்கள் ஊரில் குளிர் அதிகம். குழந்தை இரவில் போர்த்திக்கொள்ள இலவம்பஞ்சு வைத்து நல்ல மொத்தமாகத் தைக்கலாமா?”
— வாசகி, குன்னூர்

இரவில் போர்த்தவே வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு வயது வரைக்கும் தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் குயில்ட், தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது, சமதளமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. போர்வை முகத்தில் ஏறினால் அதைத் தள்ளிவிடச் சின்னக் குழந்தைக்குத் தெரியாது. தூளியிலும் மடித்துப் போடாதீர்கள். இரண்டு பக்கமும் துணி எழும்பி முகத்தோடு ஒட்டும். குளிருக்குச் சட்டைக்கு மேல் சட்டை போடுங்கள். குயில்ட் நாம் கண்விழித்துப் பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு.

இலவம்பஞ்சு தலையணைக்கு மகாராணி, குயில்ட்டுக்கு ஆகாது. அந்த இழை வழவழவென்று இருக்கும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. நாலு துவைப்பில் ஒரு மூலையில் உருண்டைகட்டிவிடும், தையல் இடைவெளி வழியாகத் தும்பு தும்பாக வெளியே வரும். உங்கள் ஊர்க் குளிருக்கு நடுவில் பழைய ஃபிளானல் துணி ஒரு மடிப்பு வையுங்கள். டர்க்கி டவல் வைக்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். மழைக்காலத்தில் அதைக் காயவைத்துப் பார்த்தவர்கள் சொல்ல மாட்டார்கள்.

“பிறந்த குழந்தைக்குப் பழந்துணிதான் நல்லது என்கிறார் மாமியார். முதல் பேரனுக்குப் பழசா என்று கோபித்துக்கொள்கிறார் அம்மா. குழந்தை பிறக்கும் முன் எதுவும் தைக்கவே கூடாது என்கிறார் என் பாட்டி. நான் யார் பேச்சைக் கேட்பது?”
— நடுவில் மாட்டிக்கொண்டவர், கும்பகோணம்

துணி விஷயத்தில் நான் மாமியார் கட்சி. பல வருஷம் துவைத்த நூல் துணியில் கஞ்சி இருக்காது, சாயம் போக வேண்டியது எல்லாம் போயிருக்கும், இனிச் சுருங்கவும் சுருங்காது. இது நம் வீட்டுச் சிக்கனம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பீகாரில் முசாபர்பூர்ப் பக்கம் சுஜனி என்று ஒரு தையல் உண்டு. பிறந்த குழந்தையைச் சுற்றுவதற்காகப் பழைய சேலைத் துண்டுகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுத் தைத்ததுதான் அதன் ஆரம்பம். வங்காளத்துக் காந்தாவும் அப்படித்தான். பழைய சேலைகளை அடுக்கி, சேலை பார்டரிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். இன்று கண்காட்சியில் காந்தா என்று விலை சொன்னால் மயக்கம் வருகிறது. அதன் பூர்வீகம் கந்தல் துணிதான்.

அம்மாவையும் விட்டுவிட முடியாது. அடித்துணி பழசு, மேல்துணியில் நாலு சதுரம் அம்மா வாங்கிக்கொடுக்கும் புதுத் துணி. அதையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிடுங்கள்.

பாட்டி சொல்வது பல வீட்டில் இருக்கிற நம்பிக்கை. அதை எதிர்த்து ஒரு கர்ப்பிணி சண்டை போடுவானேன்? இப்போது சதுரங்களை வெட்டுங்கள், வரிசைகளை இணைத்து மடித்து வையுங்கள். சுற்றுப் பட்டி வைக்காத வரை அது குயில்ட் இல்லை, வெறும் ஒட்டுத்துணி என்று பாட்டியிடம் சொல்லுங்கள். பிறந்த பிறகு பட்டியை வேறு யாராவது தைக்கட்டும். நீங்கள் அப்போது ஊசி பிடிக்கிற நிலையில் இருக்க மாட்டீர்கள்.

“அப்பாவாகப் போகிறேன். மனைவிக்குத் தெரியாமல், அம்மாவின் பழைய கால் மிஷினில் தைக்கிறேன். மேல்துணி சேர்த்தது நன்றாக வந்தது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது பின்பக்கம் முழுக்கக் கொசுவம் கொசுவமாகச் சுருங்குகிறது. மிஷின் ரிப்பேரா?”
— ரகசியத் தையல்காரர், சேலம்

வாழ்க தம்பி! மிஷின் மேல் தப்பில்லை. ஊசிக்குக் கீழே துணியை நகர்த்துகிற பல் அடித்துணியை இழுத்துக்கொண்டு போகிறது, மேலே துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் கால் அழுத்துவதால் மேல்துணி பின்தங்குகிறது. மூன்று அடுக்கும் மூன்று வேகத்தில் போனால் எங்கேயாவது துணி மிஞ்சத்தானே செய்யும்.

தைத்ததைப் பிரித்துவிடுங்கள். அடித்துணியைத் தரையில் விரித்து நாலு ஓரத்தையும் டேப்பால் விறைப்பாக ஒட்டி, அதன்மேல் மற்ற இரண்டையும் நீவிவிட்டு, ஒரு கைப்பிடி அகலத்துக்கு ஓர் ஊக்கு என்று முழுக்கக் குத்துங்கள். குண்டூசி வேண்டாம், கையைக் கிழிக்கும், விழுந்தால் தெரியாது. மிஷினில் 14 நம்பர் ஊசி போடுங்கள். தையல் நீளத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட்டுங்கள். மிஷின் தலையில், கால் கம்பிக்கு நேர் மேலே ஒரு திருகு இருக்கும். அதை ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்தினால் காலின் அழுத்தம் குறையும். முதல் கோடு நட்டநடுவில், அடுத்தடுத்தது அதற்கு இரண்டு பக்கமும். எல்லாக் கோட்டையும் ஒரே திசையில் தையுங்கள். ஒன்று மேலிருந்து கீழ், அடுத்தது கீழிருந்து மேல் என்று போனால் துணி கோணலாக முறுக்கிக்கொள்ளும். துணியின் பாரம் மேஜையிலிருந்து தொங்கக் கூடாது, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் ஊக்குகளை எண்ணிப் பாருங்கள். குத்தும் முன் எத்தனை, எடுத்த பின் எத்தனை. இதை என் வகுப்பில் சொல்லாத நாள் கிடையாது. ஒன்று குறைந்தாலும் கிடைக்கிற வரைக்கும் அந்தக் குயில்ட் குழந்தை பக்கம் போகக் கூடாது. அப்புறம், மனைவிக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? கால் மிஷின் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

“மிஷினும் இல்லை, நேராக வெட்டவும் வராது, கணக்கும் வராது. எனக்கு வழி உண்டா?”
— வாசகி, ஓசூர்

உங்கள் ஊரிலிருந்து வடமேற்கே போனால் வழி இருக்கிறது. கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டம், எல்லாப்பூர், ஹலியாள் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அந்தப் பெண்கள் தைக்கிற கவந்தி என்ற குயில்ட்டில் அளவு கிடையாது, அட்டை கிடையாது, மிஷின் கிடையாது.

நாம் துண்டுகளை முதலில் சேர்த்து, அப்புறம் அடுக்கி, கடைசியில் ஓரம் அடிக்கிறோம். அவர்கள் ஓரத்தில் ஆரம்பிப்பார்கள். பழைய சேலையை அடித்துணியாக விரித்து, அதன் ஓரத்தை உள்ளே மடித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைப்பார்கள். துண்டின் ஓரத்தை விரலாலேயே மடித்துக்கொண்டு ஓட்டுத் தையல். பக்கத்தில் அடுத்த துண்டு, முதல் துண்டின் வெட்டுவாயை மறைத்தபடி. இப்படியே நாலு ஓரமும் சுற்றி வந்து, சுற்றுச் சுற்றாக உள்ளே போய் நடுவில் முடியும். தையல் வரிசைகள் ஒரு விரல் இடைவெளியில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். ஓரம் முதலிலேயே முடிந்துவிடுவதால் தனியாகப் பட்டி வேண்டாம். கடைசியில் நாலு மூலையிலும் சின்னத் துணியை முக்கோணமாக மடித்து மடித்து ஒரு பூ வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத கவந்தி அம்மணமாக நிற்கிறது என்பார்களாம்.

துண்டு நீளமா, சதுரமா, கோணலா என்று கவலையே வேண்டாம், இடத்துக்கு ஏற்ற துண்டு தேடி வைக்க வேண்டியதுதான். ஒரே நிபந்தனை: எல்லாம் ஒரே கனமுள்ள நூல் துணியாக இருக்கட்டும். பனியன் துணியைச் சேர்க்காதீர்கள், இழுக்க இழுக்க வரும், பக்கத்துத் துண்டையும் கெடுக்கும். மூலைப் பூவை அழுத்தமாகத் தையுங்கள். குழந்தையின் வாய் முதலில் அங்கேதான் போகும்.

“ஃபேஷன் டிசைன் படிக்கிறேன். அக்கா குழந்தைக்கு யானை டிசைன். கண்ணுக்குப் பட்டன், நெற்றிப்பட்டத்துக்குச் சமிக்கி, காதில் கண்ணாடி, சுற்றிலும் குஞ்சம். வரைந்து அனுப்பியிருக்கிறேன், எப்படி இருக்கிறது டீச்சர்?”
— மாணவி, சென்னை

யானை ஜோர். பட்டன், சமிக்கி, கண்ணாடி, குஞ்சம் நாலையும் எடுத்துவிடு கண்ணு. பிய்ந்து வருவது எதுவும் வாய்க்குள் போகும். கண்ணை நூலாலேயே போடு. பின்பக்கம் நூலை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவவிட்டு எம்ப்ராய்டரி போடுகிற பழக்கம் இருந்தால் இதில் வேண்டாம். அந்தத் தொங்கல் நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். டாக்டர்கள் பார்க்கிற விஷயம்தான் இது. எம்ப்ராய்டரியை மேல்துணியில் மட்டும் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் அடுக்கு. பின்பக்கம் உள்ளே போய்விடும்.

யானையைச் சுற்றி வெற்றிடம் நிறைய விட்டிருக்கிறாய். அதில் குறுக்குக் கோடுதான் தைக்க வேண்டும் என்று யார் சொன்னது? சிக்குக் கோலம் தை. எடுத்த கோட்டை விடாமல் சுற்றித் தொடங்கிய இடத்திலேயே முடிகிற கோலங்கள் எத்தனையோ இருக்கின்றன. நூலை அறுக்காமல் தைக்க அதைவிட நல்ல டிசைன் எது? சாக்கட்டியால் புள்ளி வை, 2 இஞ்ச் இடைவெளி. புள்ளியைச் சுற்றி வளைந்து போகும் கோட்டில் ஓட்டுத் தையல். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலாகவே இருக்கட்டும். துவைத்த பிறகு துணி லேசாகச் சுருங்கும்போது கோலம் மேடு பள்ளமாக எழும்பி வரும், தடவிப் பார்த்தால் கையில் தெரியும். சென்னையில் படிக்கிற பெண் டிசைனுக்கு வெளிநாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறாயே, காலையில் வாசலைப் பார்க்க வேண்டாமா?

“சிவப்புத் துணி சாயம் போகுமோ என்று பயமாக இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா?”
— வாசகி, விருதுநகர்

போகிற சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. தைக்கும் முன் ஓரத்தில் ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் கறை ஏறினால், ஏறாத வரைக்கும் அலசி அலசிக் காயவையுங்கள். எத்தனை அலசியும் ஏறினால் அந்தச் சிவப்பு இந்தக் குயில்ட்டுக்கு இல்லை, பைக்கோ மிதியடிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை அதைச் சப்பத்தான் போகிறது. தைத்து முடித்த குயில்ட்டை முதல் தடவை தனியாகத் துவையுங்கள். முறுக்கிப் பிழியாமல், சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட்டு, கொடியில் தொங்கவிடாமல் பாயில் விரித்துக் காயப்போடுங்கள்.